ஸ்கோர் மறந்த பிறகு

கோலியிலிருந்து தொடங்குகிறது. சாக்கோ. ஷரஃபலி. குரிகேஷ் மாத்யூ. சத்யன். பாப்பச்சன். விஜயன்.

பதினொன்று ஆகவில்லை.

விட்டுப்போன இடங்களிலும் ஆட்கள் ஓடுகிறார்கள். முகம்தான் இல்லை.

*

1990, திருச்சூர். 1991, கண்ணூர். கேரளா போலீஸ் கால்பந்து அணி அடுத்தடுத்து ஃபெடரேஷன் கோப்பையை எடுக்கிறது. இரண்டு இறுதி ஆட்டமும் திருவனந்தபுரத்தில் நடந்தவை அல்ல.

ஆனாலும் ஞாபகம் வருவது இங்கே, பாளையம் போலீஸ் ஸ்டேடியத்தின் படியில் உட்காரும்போதுதான்.

சிமெண்டு இன்னும் சுடுகிறது. சூடு வேட்டி வழியாக ஏறுகிறது. மைதானத்தில் யாரும் இல்லை. கோல்போஸ்டில் வலை கட்டவில்லை.

வலை இல்லாவிட்டால் பந்து எங்கே போய் நிற்கும் என்று மனம் பார்க்கிறது. பந்தும் இல்லை.

*

விஜயன் நெஞ்சில் பந்தை வாங்குகிறார்.

எந்த ஆட்டம்? எந்த வருடம்? எதிரே நிற்பது யார்? ஒன்றும் இல்லை. நெஞ்சிலிருந்து பந்து இறங்குகிறது. காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கோல் ஆனதா என்பது ஞாபகத்தில் ஒட்டவில்லை.

*

கீழ்ப்படியில் இரண்டு பெரியவர்கள். நடக்க வந்தவர்கள். நடை முடிந்துவிட்டது, பேச்சு முடியவில்லை.

பாப்பச்சன் அடித்தது இடது காலில் என்கிறார் ஒருவர். வலது என்கிறார் மற்றவர்.

இருவரும் அன்று திருச்சூரில் இருந்தவர்கள்.

*

சாலைத் தெருவில் ஒரு கடை. சுவரில் டிவி. தமிழ்ப் படம், 'திமிரு'. அதில் விஜயன் வருகிறார். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன், பிறகு போலீஸ்காரர், பிறகு இந்திய கேப்டன், பிறகு இந்தத் திரை. 2025-இல் பத்மஸ்ரீ.

கடைக்காரர் மிளகாய் நிறுக்கிறார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

என் கண் அவர் முகத்தில் நிற்கவில்லை. கால் தெரிகிறதா என்று கீழே போகிறது. கேமரா இடுப்புக்குக் கீழே இறங்குவதாக இல்லை.

*

ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், எஸ்.பி.டி. கிளை. மின்விசிறி. பாஸ்புக்குகளின் நீல அட்டை, மடங்கிய ஓரம்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் நேற்று மாலை கார்னர் எடுத்தவர். பேனா மூடியைக் கழற்றிப் பின்னால் செருகுகிறார். தேதி எழுதுகிறார். கையெழுத்தை விளக்குப் பக்கம் திருப்பி ஒப்பிடுகிறார். புறங்கையில் ஒரு சிராய்ப்பு, இன்னும் காயவில்லை.

யாரும் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. வரிசை நகர்கிறது. பணம் எண்ணப்படுகிறது.

கேலரியில் பெயர் சொல்லிக் கத்திய வாய், இங்கே 'சார்' என்கிறது.

*

போலீஸ், எஸ்.பி.டி., டைட்டானியம், ஏஜீஸ், கே.எஸ்.இ.பி. அலுவலகத்தின் பெயர்தான் அணிக்கும். வேலை கிடைத்தால் ஆட்டம் நிலைக்கும். ஆட்டம் இருந்தால் வேலை கிடைக்கும். மாலையில் தோற்றாலும் காலையில் டூட்டி.

நட்சத்திரம் என்று சொல்லத் தோன்றவில்லை. பேருந்தில் அதே கம்பியைப் பிடித்து நிற்பவர்கள்.

*

2017 ஏப்ரல் 1. எஸ்.பி.டி. ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவில் சேர்கிறது. பலகை மாறுகிறது. என் கணக்கில் ஒரு பைசா குறையவில்லை.

*

வேளி. கடல் காற்று. டைட்டானியம் ஆலையின் மதில்.

பெயிண்டில் கலக்கும் வெள்ளைத் தூள் செய்கிற இடம். நஜீமுதீன் இந்த ஆலையின் ஆட்டக்காரர். கொல்லத்துக்காரர். ஆனால் ஊர் ஒட்டவில்லை, ஆலை ஒட்டிக்கொண்டது. டைட்டானியம் நஜீமுதீன்.

மதிலுக்கு வெளியே புல். ஆடு ஒன்று மேய்கிறது.

*

1973 டிசம்பர் 27, எர்ணாகுளம். சந்தோஷ் கோப்பை இறுதி. ரயில்வேஸ் இரண்டு. கேரளா மூன்று, மூன்றும் கேப்டன் மணி. கேரளத்துக்கு முதல் கோப்பை. பயிற்சியாளர் தமிழ்நாட்டுக்காரர், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தரராஜ்.

அப்பா ரேடியோவில் கேட்ட ஆட்டம் இது. நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

பார்த்த ஆட்டங்களைவிட இதுதான் தெளிவாகத் தெரிகிறது.

*

1986. நேரு கோப்பை திருவனந்தபுரத்துக்கு வருகிறது. சோவியத் அணி ஜெயிக்கிறது.

அந்த நாடு இல்லை. அந்தக் கோப்பையும் நடப்பதில்லை.

*

அனந்தபுரி எக்ஸ்பிரஸ். காலை. தாம்பரம் தாண்டுகிறது. பெட்டிகளை இறக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பல்லாவரம்.

2006 ஜூலை 18 அன்று சத்யன் இங்கே இறந்தார். 41 வயது. ஒருகாலத்து இந்திய கேப்டன். சென்னையில் இந்தியன் வங்கி வேலை.

மஞ்சள் பலகை வருகிறது, போகிறது. வண்டி வேகம் குறைக்கவில்லை. யாரோ குழந்தைக்குச் செருப்பு மாட்டுகிறார்கள்.

*

2018. 'கேப்டன்'. ஜெயசூர்யா சத்யனாக ஓடுகிறார். படம் நிறையவே அழுகிறது.

பின்வரிசையில் ஒருவர் அழவில்லை. "பாஸ் கொடு, பாஸ் கொடு" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

*

2016 ஜனவரி 3, காரியவட்டம். சாஃப் இறுதி. ஆப்கானிஸ்தான் முதலில் அடிக்கிறது. ஜேஜே சமன் செய்கிறார். கூடுதல் நேரத்தில் சேத்ரி. இந்தியா 2-1.

எல்லாம் வரிசையாக, சரியாக இருக்கிறது. இந்த ஆட்டம் இன்னும் எனக்குப் பழையதாகவில்லை போலும்.

இப்போது அங்கே கிரிக்கெட் நடக்கிறது.

*

பொழியூர். தாண்டினால் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை. நடுவில் மாநில எல்லை. மணலில் அதற்கு அடையாளம் இல்லை.

பிள்ளைகள் ஆடுகிறார்கள். மணலில் பந்து உருளாது. தூக்கித்தான் போட வேண்டும். கணுக்கால் புதைகிறது, பிடுங்கிக்கொள்கிறது, மறுபடி புதைகிறது.

இரவிபுத்தன்துறையின் சூசைராஜும் ரெஜினும் இப்படி ஓடியிருக்க வேண்டும். 2019-இல் ரெஜினுக்குச் சென்னை சிட்டியோடு ஐ-லீக் கோப்பை. வேட்டுக்காட்டின் ஜோபி ஜஸ்டின் கொல்கத்தா டெர்பியில் பந்தைக் காற்றிலேயே உதைக்கிறார். அந்தக் காலில் கடல் மணலைத் தேடுகிறேன். டிவியில் அதெல்லாம் தெரிவதில்லை.

*

போலீஸ் ஸ்டேடியம், விளக்கு வெளிச்சம். சூப்பர் லீக் கேரளா. 2024-இல் தொடங்கியது. நம் ஊர் அணிக்குப் பெயர் கொம்பன்ஸ். பிரேசில்காரர்கள் ஆடுகிறார்கள்.

முன்னால் ஒரு பையன். பத்து வயது இருக்கும். பிரேசில் பெயர்களைத் தன் வாய்க்கு வந்தபடி கத்துகிறான். பெயருக்கு உரியவர் திரும்பிப் பார்க்கவில்லை. பையன் விடவில்லை.

இன்னும் 0-0. இருபது நிமிடம் பாக்கி. கடலை விற்பவர் அடுத்த வரிசைக்கு வருகிறார்.