லஞ்சத்துக்குத் தடை உண்டு, கொலைக்கு?

2012 மார்ச்சில் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் ஆறு நிறுவனங்களைப் பத்தாண்டுகளுக்குக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. இஸ்ரேலின் ஆயுத நிறுவனமான ஐ.எம்.ஐ. அதில் ஒன்று. படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் தலைவராக இருந்தவருக்கு லஞ்சம் கொடுத்தார்கள் என்பது சி.பி.ஐ. சுமத்திய குற்றம். ஆயுதம் எவ்வளவு அவசியமானாலும் உங்களிடம் வாங்க மாட்டோம் என்று சொல்ல அன்றைக்கு அரசால் முடிந்தது.

லஞ்சத்துக்குப் பத்தாண்டு தடை போடத் தெரிந்த நமக்கு, காசாவில் குழந்தைகள் தலையில் குண்டு விழும்போது மட்டும் ஏன் கை எழவில்லை?

2020 முதல் 2024 வரை இஸ்ரேல் ஏற்றுமதி செய்த பெரிய ஆயுதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வாங்கியது இந்தியா என்கிறது ஸ்டாக்ஹோமின் சிப்ரி ஆய்வு நிறுவனம். காசா தரைமட்டமாக்கப்பட்டதும் அந்த ஆண்டுகளில்தான். போர்க்களத்தில் நிரூபிக்கப்பட்டது என்று சொல்லித்தான் ஆயுதத்துக்கு விலை ஏற்றுகிறார்கள். எந்தக் களம், யாருடைய உடல் என்று வாங்குகிறவர் கேட்டாக வேண்டும்.

இஸ்ரேலிடம் வாங்குவதை ஆதரிப்பவர்கள் கார்கில் போரைச் சொல்வார்கள். நியாயமான வாதம். 1998 பொக்ரான் சோதனைக்காக அமெரிக்கா தடை விதித்திருந்த நேரம். 1999இல் நம் மிராஜ் விமானங்கள் லேசர் குண்டுகளைக் குறிபார்த்து வீச இஸ்ரேலின் உதவி கைகொடுத்தது. அதனால் நம் ஜவான்கள் பலர் உயிர் பிழைத்திருப்பார்கள். ஆனால் ஒரு போரில் செய்த உதவி, பிறகு நடக்கும் எல்லாக் கொலைக்கும் அனுமதிச் சீட்டு ஆகாது. தேசப் பாதுகாப்பு என்றதும் கேள்வியை நிறுத்திக்கொள்வது, சாமி பெயரைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்குச் சமம்.

கிபிர் விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய வன்னி மக்களை மறந்துவிட்டோமா? இலங்கை விமானப்படைக்குக் கிபிரை விற்றது இஸ்ரேல். அன்று விற்றவர்கள்மேல் வந்த கோபம், இன்று நம் வரிப்பணம் அவர்களிடமே போகும்போது எங்கே போயிற்று?

2018இல் ரஷ்யாவுடன் ஒப்பந்தமான எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணைகளுக்கும், அமெரிக்க விமானங்களுக்கும் இதே கேள்விதான். கறைபடியாத கையோடு ஆயுதம் விற்பவர் அரிது. தடை போட்டால், மாற்று வரும்வரை எல்லையில் நிற்பவர்களுக்கு ஆபத்து கூடலாம். அதையும் மறைக்காமல் பேசுவோம். பெரிய ராணுவக் கொள்முதல்களில் லஞ்சம் கொடுக்க மாட்டோம் என்று நிறுவனங்களிடம் நேர்மை உடன்படிக்கையில் கையெழுத்து வாங்குகிறோம். அதில் இன்னொரு பிரிவு வேண்டும்: விற்கும் ஆயுதம் பொதுமக்களைக் கொல்லத் தெரிந்தே வழங்கப்பட்டதாகச் சுயேச்சையான விசாரணை கண்டால், அதே பத்தாண்டுத் தடை. நாடாளுமன்றத்தில் இதைக் கேட்கத் தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவராவது எழ வேண்டும்.