வால் நிமிர்த்தும் வீரம்

தென்னாப்பிரிக்காவின் கலஹாரி மணல்வெளியில் இருக்கிறது குருமான் ஆற்றுக் காப்பகம். 1993 முதல் அங்குள்ள மீர்கேட் குடும்பங்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். கீரியின் உறவான இந்தச் சிறு விலங்கின் எடை ஒரு கிலோவைத் தொடுவதே அரிது. ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த எல்லை உண்டு. வளைகளும் இரை தேடும் நிலமும் அதற்குள்தான்.

அயல் குடும்பம் எதிர்ப்பட்டால் மொத்தக் கூட்டமும் முடி சிலிர்த்து, வாலைச் செங்குத்தாக நிமிர்த்தி, துள்ளித் துள்ளி முன்னேறும். 'இத்தனை பேர் இருக்கிறோம்' என்னும் அறிவிப்பு அது. பல நேரங்களில் ஒரு தரப்பு விலகிப் போய்விடும். இரு பக்கமும் உயிர் தப்பும். விலகாமல் கடித்துக்கொண்டால் சாவும் நேரும். வளையிலிருக்கும் குட்டிகளும் பலியாகும்.

பேச்சறியாத உயிர்களே கடிக்கும் முன் எச்சரிக்கின்றன. விலகுவதை இழிவாக எண்ணுவதில்லை. பேசத் தெரிந்த நாம், ஒரு முழ வரப்புக்காக உடன்பிறந்தவரோடு ஆயுள் முழுக்கப் பகைக்கிறோம். இன்றே ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். நிலத்தை அளந்து பிரிக்கலாம்; இழந்த உறவை எந்த அளவுகோலும் மீட்டுத் தராது.