சொல்ல இயலாதவரின் கணக்கு

  

நாம் கொடுக்கல் வாங்கல் செய்து பிழைக்கும் கூட்டத்தார். ஆகவே திருமறையின் ஆயத்துகளில் நமக்கு மிகவும் பழக்கமானது கடன் ஆயத்து எனலாம். அல்பகரா சூராவின் 282 ஆவது ஆயத்து அது. குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத்தும் அதுவே. கடன் கொடுத்தால் தவணை குறித்து எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள், தொகை சிறிது என்று சோம்பி இருந்து விடாதீர்கள் என்று அது கட்டளையிடுகிறது. இவ்வளவும் நமக்குத் தெரியும். கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

அதே ஆயத்தின் நடுவே இன்னொரு சட்டமும் இருக்கிறது. அதை நாம் வேகமாக ஓதிக் கடந்து விடுகிறோம். கடன் பட்டவர் அறிவு குறைந்தவராகவோ, பலவீனராகவோ, வாசகம் சொல்லி எழுதுவிக்க இயலாதவராகவோ இருந்தால், அவருடைய பொறுப்பாளர் அவருக்காக நீதியுடன் சொல்ல வேண்டும் என்பதே அச்சட்டம். சிந்தித்துப் பாருங்கள்! சந்தைக் கணக்கைப் பேசும் இடத்திலும் அல்லாஹ் இவர்களை மறக்கவில்லை. இவர் பெயரும் ஏட்டில் ஏற வேண்டும். இவர் பக்கம் நின்று பேச ஓர் ஆளும் வேண்டும்.

அப்படியானால் நம் ஜமாஅத்தின் ஏட்டில் இவர்கள் பெயர் ஏறியிருக்கிறதா? இதுவே இன்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

பிறரைக் குறை கூறுமுன் நம் குறையைச் சொல்லி விடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆவில், நம் துணி வியாபாரிகளில் ஒருவர் தம் மகனை அழைத்து வந்திருந்தார். பையனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. குத்பா நடக்கும்போது இரண்டு முறை சத்தமிட்டான். காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினான். தொழுகை முடிந்ததும் ஒருவர் திரும்பி, “இந்தப் பிள்ளையை வீட்டில் விட்டு வரக்கூடாதா?” என்று கேட்டார். கேட்டவர் நம்மில் ஒருவரே. மற்றவர்களாகிய நாம் வாய் திறக்கவில்லை. தந்தையார் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடிப் போட்டுப் போனார். அதன் பிறகு அவர் நம் பள்ளிவாசலுக்கு வரவில்லை.

எட்டு மாதம் சென்று, ஒரு பெருநாளையொட்டி நாம் பலகாரப் பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போனோம். உதவித் தொகை ஏதும் வேண்டுமா என்று கேட்டோம். பிள்ளையின் தாய் கதவுக்குப் பின்னால் நின்று சொன்ன பதில் இன்றும் நம் காதில் இருக்கிறது. “காக்கா, பணத்துக்குக் குறைவில்லை. இந்த வீட்டுக்கு ஓர் ஆள் வந்து எட்டு மாதமாகிறது. அதுதான் குறை.”

தந்தையாரின் கவலை வேறு விதம். “கடையும் கல்லாவும் மகனுக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். கல்லாவில் இருப்பதை எண்ணத் தெரியாத மகன் என் மகன். நான் மௌத்தான பிறகு யார் எண்ணிக் கொடுப்பார்?” என்றார். இதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. பலகாரப் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பினோம்.

சகோதரர்களே! அந்தத் தாய்க்கும் தந்தைக்கும் மார்க்கம் என்ன விடை தருகிறது?

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. சித்தத்தில் சிறிது குறைபாடுள்ள ஒரு பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்றார். நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பெண்மணியை மரியாதையுடன் அழைத்து, எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அதை அவரே தேர்ந்தெடுத்துக் கொள்ளட்டும் என்றார்கள். பிறகு பாதையோரம் அவருடன் நின்று, அவர் காரியம் முடியும் வரை செவி கொடுத்தார்கள். ஒரு சமுதாயத்தின் முழுப் பாரத்தையும் சுமந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு இருந்த நேரம் நமக்கு இல்லையா? கடையை அடைக்கும் நேரம் ஆகிவிட்டது என்று நாம் சொல்லலாமா?

இத்பான் இப்னு மாலிக் (ரலி) என்ற தோழருக்குப் பார்வை மங்கி விட்டது. மழை பெய்தால் பள்ளத்தாக்கில் வெள்ளம் ஓடும். பள்ளிவாசலுக்கு வர முடியாது. தம் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழுது தர வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்களைக் கேட்டுக்கொண்டார். அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களையும் அழைத்துக்கொண்டு போனார்கள். எந்த இடத்தில் தொழ வேண்டும் என்று வீட்டுக்காரரையே கேட்டு, அங்கே இரண்டு ரக்அத் தொழுதார்கள். வர இயலாதவரின் வீட்டுக்கு ஜமாஅத் போக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கல்வி கேட்டு வந்தவரின் வரலாறு அபஸ சூராவில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்றுக்கொள்ள வந்த வேளையில், குறைஷித் தலைவர்களிடம் இருந்த கவனம் அவர்பால் திரும்பவில்லை என்பதற்காக வானிலிருந்து வசனம் இறங்கியது. பிற்காலத்தில் அதே தோழர் பிலால் (ரலி) அவர்களுடன் முஅத்தினாக இருந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பையும் ஏற்றார். கற்க வந்தவருக்கு இடம் கொடுத்ததால் சமுதாயம் அடைந்த இலாபம் இது.

இனி, நம் ஊராகிய சிங்கப்பூரில் இக்குடும்பங்களுக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். வழி திறந்திருந்தும் தெரியாமல் போவதே பெரிய நஷ்டம்.

முதலாவது, காலம். அந்தத் துணி வியாபாரியின் மகன் மூன்று வயதிலும் பேசவில்லை. “ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான்” என்று ஆறுதல் சொன்னவர்கள் நாம். ஓதிப் பார்த்தால் சரியாகும் என்று அனுப்பி வைத்தவர்களும் நாம். துஆ செய்வது நம் கடமை. மருத்துவம் தேடுவதும் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவிய செயலே. குழந்தையின் பேச்சிலோ நடையிலோ பார்வையிலோ ஐயம் தோன்றினால் உடனே பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். அங்கிருந்து கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். அங்கே சோதித்துப் பார்த்து, 6 வயது வரையிலான குழந்தைகளுக்கென உள்ள ‘எய்பிக்’ என்னும் பயிற்சி நிலையத்துக்குப் பரிந்துரைப்பார்கள். குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் அரசு உதவி உண்டு. அங்கே குழந்தை மட்டும் கற்பதில்லை. எப்படிப் பேச வேண்டும், எப்படி விளையாட வேண்டும் என்று தாய் தகப்பனும் கற்றுக்கொள்கிறார்கள். நாம் சொன்ன ஆறுதலால் அந்தப் பிள்ளை இழந்தது இந்த ஆண்டுகளைத்தான். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

இரண்டாவது, பள்ளிக்கூடம். 2000 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கட்டாயக் கல்விச் சட்டம், 2019 முதல் சிறப்புத் தேவை அதிகமுள்ள பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இவர்களுக்கென்றே சிறப்புப் பள்ளிகள் உள்ளன. 1962 இல் தொடங்கிய ‘மைண்ட்ஸ்’ போன்ற தொண்டு நிறுவனங்கள் அவற்றை நடத்துகின்றன. ஆகவே பிள்ளையை வீட்டில் மறைத்து வைப்பது மார்க்கத்துக்கும் பொருந்தாது, நாட்டுச் சட்டத்துக்கும் பொருந்தாது.

மூன்றாவது, பராமரிப்பவரின் கல்வி. தூக்கி உட்கார வைப்பதற்கும், ஊட்டுவதற்கும், கோபம் மீறும்போது அமைதிப்படுத்துவதற்கும் முறை இருக்கிறது. கற்றுத்தர வகுப்புகள் இருக்கின்றன. அவ்வகுப்புகளுக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் வழியாக மானியமும் பெறலாம். ‘எஸ்ஜி எனேபல்’ என்ற அமைப்பைக் கேட்டால் எல்லா வழிகளையும் சொல்வார்கள். லெங்கோக் பாருவில் 2015 இல் திறக்கப்பட்ட ‘எனேபலிங் வில்லேஜ்’ வளாகத்தை ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள்.

இங்கே ஒரு வார்த்தை. பேச்சு வராத பிள்ளையிடம் தமிழை விட்டு ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று சில தாய்மார்கள் நம்புகிறார்கள். தெரியாத மொழியில் தட்டுத் தடுமாறி, கடைசியில் பேசுவதையே குறைத்து விடுகிறார்கள். இரு மொழி கேட்பதால் இத்தகைய பிள்ளைகளின் பேச்சு கெடுவதாக ஆய்வுகளில் சான்று இல்லை. தாய் தனக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் தாராளமாகப் பேசட்டும்.

நான்காவது, அந்தத் தந்தையார் கேட்ட கேள்வி: நமக்குப் பின் யார்? அந்நிஸா சூராவின் 5 ஆவது ஆயத்து இதற்கு அடிப்படை தருகிறது. நிர்வகிக்க இயலாதவரின் கையில் சொத்தை ஒப்படைத்து விடாமல், அதிலிருந்து அவருக்கு உணவும் உடையும் அளித்து, இனிய சொல்லும் கூற வேண்டும் என்பது அதன் கருத்து. இதற்கு ஒத்த ஏற்பாடு இங்கே இருக்கிறது. சிறப்புத் தேவையுடையோருக்கென 2008 இல் அமைக்கப்பட்ட அறக்கட்டளை நிறுவனம் (‘ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் கம்பெனி’) பெற்றோரின் பணத்தைப் பாதுகாத்து, அவர்களுக்குப் பின் பிள்ளையின் தேவைக்கு மாதா மாதம் வழங்குகிறது. மத்திய சேம நிதியிலிருந்தும் அவ்வாறே மாதத் தொகை சேருமாறு நியமனம் செய்யலாம். பிள்ளைக்கு 21 வயது நிறைந்த பின் அவன் சார்பில் முடிவெடுக்க, பெற்றோர் என்ற உறவு மட்டும் போதாது. நீதிமன்றத்தின் நியமனம் பெற வேண்டும். அதையும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

நம் வாரிசுரிமைச் சட்டத்தில் மரண சாசனம் மூன்றில் ஒன்றுக்கு மேல் செல்லாது. வாரிசுக்கு எழுதுவதானால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். உயிரோடிருக்கையில் கொடுக்கும் ஹிபாவில், இத்தகைய தேவையுள்ள பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று உலமாக்களில் ஒரு சாரார் கூறியுள்ளனர். முயிஸ் அலுவலகத்தையும் ஆலிம்களையும் கேட்டு, மற்றப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசி, எழுதி வையுங்கள். நூறு வெள்ளிக் கடனுக்குச் சாட்சி வைக்கும் நாம், பெற்ற பிள்ளையின் எதிர்காலத்தை வாய்ப் பேச்சில் விடலாமா?

ஜமாஅத்தார்களே! இவை அரசும் தொண்டு நிறுவனங்களும் செய்பவை. ஆனால் சனிக்கிழமை காலையில் ஒரு தாய் வகுப்புக்குப் போக வேண்டுமானால், அவள் வரும் வரை பிள்ளையோடு இருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை அலுவலகங்கள் அனுப்பும் என்று மட்டும் காத்திருக்க முடியாது. நம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். ஆங்கிலம் தெரியாத தாய்க்கு மருத்துவர் சொல்வதை எடுத்துச் சொல்ல, படித்த நம் பெண் பிள்ளைகள் உடன் போகலாம். பள்ளிவாசலில் பிள்ளை சத்தமிட்டால், திரும்பி முறைப்பதற்குப் பதில் பக்கத்தில் போய் உட்காரலாம். கடை வைத்திருப்போர், இப்பிள்ளைகள் வளர்ந்து வரும்போது, துணி மடிக்கவும் சரக்கு அடுக்கவும் ஓரிடம் கொடுத்துப் பார்க்கலாம். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யும் நேர்மையை அவர்களிடம் காண்பீர்கள்.

பெற்றோர் செய்த பாவத்தின் கூலி இந்தப் பிள்ளை என்று பேசும் வாய்களை அடைப்பதும் நம் கடமை. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது திருமறையின் தெளிவான தீர்ப்பு. பலவீனர்களின் பொருட்டே நமக்கு உதவியும் ரிஸ்கும் கிடைக்கின்றன என்பது நபிமொழியின் கருத்து. நம் கடையில் இன்று நடந்த வியாபாரம், எந்த மாடி வீட்டில் எந்தப் பிள்ளை இருக்கும் பரக்கத்தால் வந்தது என்பதை யார் அறிவார்?

அந்தத் துணி வியாபாரியின் வீட்டுக்கு நாம் இப்போது போய் வருகிறோம். பையன் வளர்ந்து விட்டான். நாம் படியேறும் சத்தம் கேட்டால் கதவருகே வந்து நிற்கிறான். பேச்சு இன்னும் சில சொற்களே. அவற்றில் ஸலாமும் ஒன்று. தந்தையாரைப் பள்ளிவாசலுக்கு அழைத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை. அந்தக் கடன் நம் பேரில் நிற்கிறது. நாம் தீர்க்க வேண்டிய கடன் அது.

யா அல்லாஹ்! சொல்ல இயலாதவருக்காக நீதியுடன் சொல்லும் நாவை எங்களுக்குத் தருவாயாக! அவர்களைச் சுமக்கும் தாய் தகப்பனுக்குப் பொறுமையும், அவர்களைத் தேடிப் போகும் கால்களை எங்களுக்கும் தருவாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.