ஐயம் சான்றாகுமா?

பொருளொன்று காணாமற்போனால், அதனைத் தேடுமுன்பே எடுத்தவரைத் தேடத் தொடங்குவது மனித இயல்பு. இன்று பெருநகரங்களில் விளையாட்டுச் சீட்டு, நாணயம், அஞ்சல்தலை முதலியன விற்கும் கடைகள் போட்டிகளும் பரிமாற்றக் கூட்டங்களும் நடத்துகின்றன. உள்ளங்கையில் மறையும் சிறு சீட்டுக்கும் ஆயிரக்கணக்கில் விலையுண்டு. அத்தகைய கூட்டத்தில் மும்முறை பொருள் மறைந்தது. மும்முறையும் ஓர் இளைஞன் அங்கிருந்தான் என்று கொள்வோம். அவன் எடுத்ததைக் கண்டவர் எவருமிலர். கூட்டத்தை நடத்துவோர் என் செய்வது?

ஐயத்தையே சான்றாகக் கொண்டதன் விளைவைத் தமிழுலகம் நன்கறியும். இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் கோவலன் மடிந்தது அதனாலன்றோ? அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லனே கோவலன்மீது பழி சுமத்தினான். பாண்டியனோ கோவலனை அழைத்து ஒரு சொல்லும் வினவவில்லை. பின்னர்க் கண்ணகி தன் சிலம்பை உடைத்தபோது மாணிக்கப் பரல் தெறித்தது; அரசியின் சிலம்பிலிருந்ததோ முத்துப் பரல். உயிர் போன பின் நிகழ்ந்த அந்த ஆய்வு, உயிர் போகுமுன் நிகழ்ந்திருக்கலாகாதா?

நம் நாஞ்சில் நாட்டுச் சுசீந்திரத்தில் கைமுக்கு என்றொரு வழக்கம் இருந்தது. ஒழுக்கக் குற்றம் சாற்றப்பட்டவர் கொதிக்கும் நெய்யில் கைவிட்டுத் தம் தூய்மையை மெய்ப்பித்தல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் சுவாதித் திருநாள் மகாராஜா அதனை ஒழித்தார். கொதிநெய் போயினும் அதன் கருத்துப் போகவில்லை. பலர் நடுவே ஒருவன் பையை மட்டும் கொட்டச் சொல்லி, தான் கள்வனல்லன் என்று அவனையே காட்டச் செய்வது கைமுக்கின் எச்சமே.

இவை பழங்கதை என்று ஒதுக்கற்க. 2018 பிப்ரவரியில் கேரளத்தின் அட்டப்பாடியில், உணவுப்பொருள் திருடியவர் என்று பிடிக்கப்பட்ட பழங்குடி இளைஞர் ஒருவர் கூட்டத்தாரால் அடிபட்டு இறந்தார். 2023இல் நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது.

அங்ஙனமாயின் வாளாவிருத்தலே அறமோ? அன்று. பொருளிழந்தவரின் துயரும் மெய்யே. ஆதலின் முதற்கடமை பொருளைக் காத்தலாகும். விலையுயர்ந்தவற்றைக் கண்ணாடிப் பேழையில் பூட்டுக. அவரவர் கொண்டுவருவனவற்றை ஏட்டில் பதிக. பைகளை வாயிலில் வைக்கும் விதி எல்லார்க்கும் ஒன்றாகுக. ஐயம் வலுத்தால் அவ்விளைஞனைத் தனியே அழைத்து, பழி கூறாது வினவுக. கண்ணாற் கண்ட சான்றிருப்பின் பெற்றோர்க்கு உணர்த்திப் பொருளை மீட்க. மீளாதெனின் காவல்துறையிடம் விடுக. ஐயத்தின்பேரில் மட்டும் ஒருவரைப் பிடித்துவைக்கும் உரிமையைச் சட்டம் தனியார்க்கு அளிக்கவில்லை. பெயரையோ படத்தையோ சுவரில் ஒட்டுதல் ஒருபோதும் வேண்டா.

சான்று கிட்டும்வரை இழப்பைத் தாங்குவது யார் எனச் சிலர் வினவலாம். கூட்டத்தை நடத்துவோரே தாங்குக என்போம். இழந்த சீட்டுக்கு ஈடு தரலாம். கெடுத்த பெயருக்கு ஈடு ஏது?

அன்பர்களே! இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் கள்ளாமையும் உண்டு. வாய்மையும் கொல்லாமையும் உண்டு. களவு செய்தவன் ஒன்றில் வழுவினான். அறியாததை அறிந்ததாகக் கூறிப் பிறர் நெஞ்சைப் புண்படுத்துவோர் இரண்டில் வழுவுகின்றனர். பொருளைக் காக்க எழும்போது அவ்விரண்டையும் இழவாதிருப்போமாக.