கணவனுக்கும் கடமை உண்டு

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இன்னும் மனத்தை அறுக்கிறது. 27 வயது மணமான பெண்; இரண்டு குழந்தைகளின் தாய்; பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டவர். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை; கரு தரித்ததே வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. முதலில் கருக்கலைப்புக்கு அனுமதித்த நீதிமன்றம், 26 வாரம் கடந்துவிட்ட நிலையில், அக்டோபர் 16 அன்று மறுத்துவிட்டது. சிசுவின் உயிரும் உயிர்தான். அதை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் வேண்டாத கருவோடு ஒரு மனைவி நீதிமன்றப் படியேறும் நிலை வராமல் காப்பது கணவனின் அறம்.

"பால் குடுக்கிற வரைக்கும் தங்காது" என்பது சென்னையை அடுத்த திருமுல்லைவாயில் வீடுகளிலும் புழங்கும் பேச்சு. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாதிருந்தால்தான் அந்தக் காப்பு. தாய் அம்பத்தூர் தொழிற்பேட்டை வேலைக்குத் திரும்பி, பகலில் குழந்தைக்குப் புட்டிப்பால் என்றானதும் அதை நம்ப முடியாது. இதை அவள் மட்டும் தெரிந்துவைத்திருக்க வேண்டுமா? கருத்தடைச் சுமையும் அவள் மீதுதான்: தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் என்கிறது 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. ஆண்களோ ஆயிரத்தில் ஓரிருவர்தான்.

தனக்குத் துன்பம் எது என்று அறிந்தவன் அதைப் பிறருக்குச் செய்வது ஏன் என்று கேட்டவர் வள்ளுவர். பிறருக்கே கூடாதது மனைவிக்கு ஆகுமா? மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்த சுந்தரர் கண்ணிழந்தார். இதே திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரரிடம் வந்து துயர் களைய வேண்டினார். பிழை அவருடையது, அதன் வலியையும் அவரே சுமந்தார். நம் காலத்துக் கணவனின் அசட்டைக்கோ மனைவியின் உடம்பு விலை கொடுக்கிறது. நாட்டின் வறுமைக்காக மற்றவர்கள் கர்ப்பத்தடை பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார் பெரியார். கோயிலுக்குப் போகிறவரும் போகாதவரும் இந்த ஒன்றில் ஒத்துப்போகலாம்.

'ஆபரேஷன் பண்ணிக்கிட்டா பாரம் தூக்க முடியாது' என்று அஞ்சும் ஆண்கள் உண்டு. ஆண்களுக்கான கத்தியில்லா கருத்தடை முறையில் சிறு துளை போதும், தையல் இல்லை, அன்றே வீடு திரும்பலாம், ஆண்மையும் குறையாது, உழைப்பும் குறையாது. அதன்பின் மூன்று மாதம் ஆணுறை அணிந்து, விந்துப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டும் என்றால், அதுவரை ஆணுறை இருக்கிறது. பிரசவ வார்டில் செவிலியர் கருத்தடை பற்றிச் சொல்லும்போது வெளியே நிற்காமல், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கணவனும் கேட்கட்டும்.