பந்திக்கு வராத பசி



1867-இல் வடலூர் தருமச்சாலையில் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. நம் ஆலயங்களிலும் அன்னதானத்துக்குக் குறைவில்லை. ஆனா பந்தியில உட்கார்றது யார்னு பாருங்க. பாதிப் பேர் காரில் வந்தவர்கள். (நானும்தான்!) பசித்தவர் வருவதற்குப் பேருந்துக் காசு வேணும், உடுத்த நல்ல துணி வேணும், நாலு பேர் பார்வையைத் தாங்கணும்.

கோலாலம்பூர் மலிவுவிலை அடுக்குமாடிகளில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை என்று 2018-இல் யுனிசெஃப் ஆய்வு சொன்னது. அதே வீடுகளில் குண்டான பிள்ளைகளும் உண்டு. மலிவான மேகி வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது.

போன மாதம் அப்படியொரு வீட்டில் கணக்கெடுக்கப் போனேன்.

"சாப்பாட்டுக்குக் கஷ்டமாக்கா?"

"இல்ல தம்பி, ஆண்டவன் புண்ணியத்துல ஓடுது."

'உதவி தேவையில்லை' என்று எழுதிவிட்டேன். மின்தூக்கி வரை கூடவே வந்த சின்னவள் சொன்னாள்: "அம்மா ராத்திரில தேத்தண்ணி மட்டும்தான் குடிப்பாங்க, அங்கிள்."

அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஓடுகிறது, அதைத்தான் சொன்னார். நான் கேட்ட விதம்தான் தப்பு. படியளப்பவன் சிவன் என்கிறோம்; அவன் படியைக் கையில் வாங்கிய நாம், யார் கலம் காலி என்று பார்க்க வேண்டாமா?

இப்போ இப்படிக் கேட்கிறோம்: மாசக் கடைசியில என்ன சமைப்பீங்க? கடையில பாக்கி எவ்வளவு? வீட்டுல கடைசியா சாப்பிடறது யாரு?

வரும் ஞாயிறு காலை மறுபடியும் போகிறோம். முதலில் அந்த வீடு. என் கையால் எழுதியதை நானே அடிக்கணும்.