கண்விழிக்கும் இரவுக்கு எது கூலி?

பிறந்து சில நாள்களே ஆன குழந்தையை இரவு முழுவதும் பார்த்துக்கொள்ள வந்து தங்கும் பெண்ணுக்கு எவ்வளவு கூலி கொடுப்பது நியாயம் என்ற கேள்வி, புதுக்கோட்டை மாவட்டத்தில் இரண்டு தலைமுறைக்கு முன் பெரும்பாலான வீடுகளில் எழுந்திராது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கமாக இருந்ததால், பச்சை உடம்புக்காரியையும் பிள்ளையையும் அவளுடைய தாயும் சின்னம்மாக்களும் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டனர். மருத்துவச்சிக்கு நெல்லும் சேலையும் வெற்றிலை பாக்கோடு போய்ச் சேர்ந்தன. பெற்றவர்கள் ஓர் ஊரிலும் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ இருக்கும் குடும்பங்களில் இன்று அந்த இடத்துக்கு ஒருவர் கூலிக்கு வருகிறார். உறவுக்காரர்கள் செய்துவந்த வேலைக்கு அப்போதுதான் விலை சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே சைவ மரபின் கதை ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. பக்கத்து மாவட்டமான திருச்சிராப்பள்ளியின் மலைக்கோட்டையில் கோயில் கொண்ட சிவபெருமானுக்குத் தாயுமானவர், அதாவது தாயாகவும் ஆனவர், என்று பெயர். பேறுகாலத்தில் இருந்த இரத்தினாவதியின் தாய் காவிரி வெள்ளத்தால் வர இயலாமல் அக்கரையில் நின்றுவிட, இறைவனே அத்தாயின் வடிவில் வந்து பிரசவம் பார்த்து, தாயையும் சேயையும் பேணினார் என்பது தலவரலாறு. இறைவன் கூலி கேட்கவில்லை. ஆகவே இப்பணி விலைக்கு அப்பாற்பட்ட தொண்டு என்று சொல்வோர் உண்டு. ஆனால் அக்கதையில் இறைவன் வந்தது தாயாக, மகளுக்குக் கடன்பட்ட உறவாக. தன் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வேறொரு வீட்டுக் குழந்தைக்காகக் கண்விழிக்கும் பெண்ணுக்கு அந்த வீட்டின்மேல் அப்படிப்பட்ட கடன் எதுவும் இல்லை. உறவினர் உறவினருக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லும் கதையை, கூலிக்கு அமர்த்தியவர் கூலியைக் குறைக்கத் துணைக்கு அழைப்பது கதைக்கே செய்யும் அநீதி.

கூலியைப் பற்றிய கதை புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலிலேயே தொடங்குகிறது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில், அதாவது இன்றைய ஆவுடையார்கோயிலில், மாணிக்கவாசகர் திருப்பணிக்குச் செலவிட்டார் என்பது மரபு. அவர் அதற்காகத் தண்டிக்கப்பட்டபோது வைகை பெருகியது. வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்று கட்டளை பிறந்தது. ஆளில்லாத பிட்டு வாணிச்சியான வந்திக்காக இறைவனே கூலியாளாக வந்தார் என்று திருவிளையாடற் புராணம் சொல்கிறது. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசி, அதை உண்டு, பாடி ஆடி உறங்கி, கடைசியில் பிரம்படியும் பட்டார். உழைப்புக்குக் கூலி பேசுவதை இறைவன் இழுக்காகக் கருதவில்லை என்பதே இங்கு முதலில் எண்ணத்தக்கது. உறங்கிய கூலியாளுக்குக் கூலி உண்டா என்ற கேள்வியும் இக்கதைக்குள்ளேயே இருக்கிறது.

இரவுப் பணியில் வழக்கு எழுவதும் அந்த இடத்தில்தான். பச்சிளங்குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு அழும். அழும்போது தூக்கித் தாயிடம் கொடுத்து, பால் குடித்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் வரவைத்து, நனைந்த துணியை மாற்றி மீண்டும் கிடத்துவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். இடைப்பட்ட நேரத்தில் அப்பெண் கண்ணயரலாம். அதைக் கண்டவர், வேலை செய்த மணிகளை மட்டும் எண்ணுவோம் என்கிறார். ஆனால் அந்த உறக்கம் அவளுடையது அன்று. முகத்தில் துணி விழுந்தாலும், மூச்சில் மாறுதல் கேட்டாலும், உடம்பு சுட்டாலும் எழுந்தாக வேண்டிய உறக்கம் அது. கரை அடைக்க வந்தவர் உறங்கினால் கரை அடைபடாது. பிள்ளையின் பக்கத்தில் அழைத்தால் எழும்படி உறங்குபவளோ அப்போதும் காவலில்தான் இருக்கிறாள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் ஏற்ற 189ஆம் உடன்படிக்கையும், வீட்டுப் பணியாளர் தம் நேரத்தைத் தம் விருப்பப்படி கழிக்க முடியாமல் அழைப்புக்குக் காத்திருக்கும் பொழுதை, நாட்டுச் சட்டங்கள் வரையறுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகவே கொள்ள வேண்டும் என்கிறது. இந்தியா அதற்கு இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை.

தமிழ்நாடு அரசு 2018இல் வீட்டு வேலைக்கு அறிவித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 40 ரூபாயைத் தொடவில்லை. அதை 40 என்றே வைத்துக்கொண்டாலும், இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை 360 ரூபாய், முப்பது இரவுக்கு 10,800 ரூபாய் ஆகிறது. இது அடிமட்டம் மட்டுமே. காலையில் வீடு திரும்பித் தன் பிள்ளைகளுக்குச் சோறாக்க வேண்டியவள் இழந்த உறக்கத்தைப் பகலில் மீட்க முடியாது என்பதால், இரவு மணிக்குப் பகல் மணியைவிடக் கூடுதலாகக் கொடுப்பதே முறை.

மாதம் இருபத்தைந்தாயிரம் சம்பாதிக்கும் குடும்பம் இதற்கு எங்கே போகும் என்பது உண்மையான எதிர்வாதம். அதை அலட்சியமாகத் தள்ள இயலாது. அக்குடும்பம் இரவுகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். சில இரவுகளை நாத்தனாரோ பிள்ளையின் தகப்பனோ ஏற்கலாம். வாங்கும் இரவுக்கு மட்டும் முழுக் கூலி கொடுத்தாக வேண்டும். ஒரு வீட்டின் வறுமையை அதைவிட வறிய இன்னொரு வீட்டின் தலையில் இறக்க எந்த அறமும் இடம் தராது.

பெயர் சூட்டும் நாளில் எடுத்துக்கொடுக்கும் சேலையும் கையில் வைக்கும் பணமும் இந்தக் கணக்கில் சேரா. அவை பேசிய தொகை முழுவதும் கொடுத்து முடித்தபின், அதற்கு மேல் மனம் உவந்து கொடுக்கப்படுபவை.